ஆர்ஜினின் இல்லாத தட்டு

நான் இருபத்தாறு வருடம் செல் கல்ச்சர் லேபில் டெக்னீஷியனாக வேலை பார்த்தேன். கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆராய்ச்சி நிறுவனம். அதன் பெயர் இங்கே வேண்டாம். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன், என்னுடையதைத் தவிர. புதிதாக லேப் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். கையுறை போடுவது, கிருமி படாமல் வேலை செய்கிற கண்ணாடிக் கூண்டான ஹூடைத் துடைப்பது பற்றியெல்லாம் படிக்க நிறைய இருக்கிறது. நான் எழுதப்போவது ரெஜிஸ்டரில் ஏறிய ஒரு பொய்யைப் பற்றி. அதை எழுதியது நான்தான்.

1. முதல் நாள்

என் அப்பாவும் அம்மாவும் கிணத்துக்கடவுப் பக்கம் அடுத்தவர் தென்னந்தோப்பில் கூலி வேலை பார்த்தவர்கள். நான் பி.எஸ்சி. விலங்கியல் முடித்திருந்தேன். ஈரல் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர்தான் என்னை நேர்முகத்தில் பார்த்தார். எல்லோரும் அவரை டாக்டர் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். பல்லடம் பக்கம் நிலபுலன் உள்ள பெரிய குடும்பம்.

"ஸ்டெல்லாங்களா? எந்த ஊருங்க அம்மணி?"

"கிணத்துக்கடவுங்க சார்."

"கிணத்துக்கடவுல எங்கீங்க?"

தெருவைச் சொன்னேன். அவருக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. விண்ணப்பத்தை மூடி வைத்தார்.

"செரி, செரி. இந்த வேலைக்குக் கை சுத்தமா இருந்தாப் போதுமுங்க."

மரியாதையாகத்தான் சொன்னார். அவர் யாரிடமும் மரியாதை குறைத்துப் பேசி நான் கேட்டதில்லை. வேலையும் கொடுத்தார். ஒப்பந்த வேலை; ஒவ்வொரு மார்ச்சிலும் அவர் கையெழுத்துப் போட்டால் இன்னொரு வருடம்.

அன்றைக்கே ஒரு பாட்டில் மீடியத்தை வீணாக்கினேன். செல்களுக்குச் சாப்பாடாக ஊற்றுகிற சிவப்புத் திரவம்தான் மீடியம். குளுட்டமின் என்ற அமினோ அமிலம் சேர்த்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்காமல் மதியம் முழுவதும் மேசையிலேயே விட்டுவிட்டேன். டாக்டர் சார் திட்டவில்லை. பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார்.

"குளுட்டமின் சூட்டுல தானா ஒடஞ்சு அம்மோனியா ஆயிருமுங்க. செல்லு திங்காமயே வரும். அத அளந்துபோட்டு செல்லு பண்ணுச்சுன்னு எழுதுனா, அப்புறம் என்னங்க ஆராய்ச்சி?"

அவர் நல்ல ஆசிரியர். இதைச் சொல்லாமல் விட்டால் நான் இன்னொரு பொய் எழுதியதாகிவிடும்.

2. ஈரல் செல்லின் சாப்பாடு

எங்களிடம் இருந்தது ஹெப்-ஜி-டூ என்ற செல் வகை. எப்போதோ ஒரு சிறுவனின் ஈரல் கட்டியிலிருந்து எடுத்தது. உலகம் முழுக்க லேப்களில் அதுதான் வளர்ந்துகொண்டிருக்கிறது. தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு, மீடியத்தில் கரைந்திருக்கிற அமினோ அமிலங்களை எடுத்துக்கொள்ளும். இருபத்துநாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நான் கொஞ்சம் மீடியத்தை உறிஞ்சி எடுத்து ஃபிரீசரில் போடுவேன். பிறகு அதை அனலைசர் மெஷினில் ஓட்டினால் எது குறைந்தது, எது கூடியது என்று தெரியும். குளுட்டமின் முதலில் குறையும். குளுட்டமேட் கூடும். அம்மோனியா கூடும். மீடியம் சிவப்பிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பும். சில வருடங்களில் நிறத்தைப் பார்த்தே எந்தத் தட்டு எத்தனை நாள் பழையது என்று சொல்லிவிடுவேன்.

நல்ல ஈரல், அமினோ அமிலங்கள் உடைந்து வருகிற அம்மோனியாவை யூரியாவாக மாற்றிவிடும். அது சிறுநீரில் போய்விடும். ஈரல் கெட்டுப்போனவருக்கு அம்மோனியா ரத்தத்திலேயே நின்று மூளைக்கு ஏறும். முதலில் பேச்சு குழறும், பிறகு நினைவு தப்பும்.

டாக்டர் சாரின் திட்டம் இதற்குத்தான். ஒரு பெட்டிக்குள் ஈரல் செல்களை வளர்த்து, நோயாளியின் ரத்தத்தை அதன் வழியாக ஓட்டி அம்மோனியாவை எடுத்துவிடுவது. ஹெப்-ஜி-டூ செல்லில் யூரியா ஆக்குகிற பாதை அரைகுறை என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் அவர் பஞ்சு மாதிரி ஒரு தாங்கியை உருவாக்கினார். தட்டையான தட்டில் வளராமல் பஞ்சுக்குள் வளர்ந்தால் செல்லுக்குப் பழைய புத்தி திரும்பும் என்றார். பஞ்சில் வளர்த்த செல்களின் மீடியத்தில் யூரியா கூடத்தான் செய்தது. ஆய்வுக்கட்டுரை வந்தது. செய்தித்தாளில் அவர் படத்தோடு போட்டார்கள்.

3. வெள்ளகோவில்காரர்

அந்தச் செய்தியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். செல்லமுத்து. வெள்ளகோவிலில் எண்ணெய் மில் வைத்திருந்தார். மனைவிக்கு ஈரல் கெட்டிருந்தது. டாக்டர் சார் அவரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"ஒரு வருசம் பொறுங்க. மெசினு வந்துரும்" என்றார்.

லேபில் எந்த போன் அடித்தாலும் நான்தான் எடுப்பேன். அதன் பிறகு மாதம் ஒருமுறை செல்லமுத்து கூப்பிடுவார்.

"ஏனுங்க அம்மணி, எந்தமட்டுக்கு வந்திருக்குதுங்க?"

"வேலை நடக்குதுங்க" என்பேன். அப்போது அது உண்மைதான்.

4. ஷாஹிதா

ஷாஹிதா பிஎச்.டி. செய்ய வந்தாள். டவுன் பக்கம் கோட்டைமேட்டுப் பெண். அவள் அத்தாவுக்கு அத்தர் கடை. ஸ்டூலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே இருப்பாள். பஞ்சில் வளரும் செல்கள் எந்த அமினோ அமிலத்தை எவ்வளவு எடுக்கின்றன என்று அளப்பது அவள் வேலை. செல்களை வளர்த்துக் கொடுப்பது என் வேலை. இரண்டு வருடம் ஒரே ஹூடில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். என் டிபன் பாக்ஸைக் கேட்காமலேயே திறந்து சாப்பிடுகிற ஒரே ஆள் அந்த லேபில் அவள்தான். மற்றவர்கள் ஏன் திறக்கவில்லை என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

ஒரு நாள் கிராஃபைக் கொண்டுவந்து காட்டினாள்.

"அக்கா, இதப் பாருங்க. மீடியத்துல அம்மோனியா கூடப் போட்டாலும் யூரியா இவ்வளவுதான். போடலீன்னாலும் இவ்வளவுதான்."

"அப்படின்னா?"

"அப்படின்னா யூரியா அம்மோனியாவுல இருந்து வரலீங்க. வேற எதுல இருந்தோ வருது."

அவள் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. யூரியா சுழற்சியின் கடைசிப் படியில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் உடைந்து யூரியாவும் ஆர்னிதினும் ஆகும். நல்ல ஈரல் செல் அந்த ஆர்னிதினோடு அம்மோனியாவைச் சேர்த்து மறுபடியும் ஆர்ஜினின் ஆக்கிக்கொள்ளும். அப்படித்தான் அம்மோனியா குறையும். ஆனால் மீடியத்தில் ஆர்ஜினினை நாங்களே ஊற்றுகிறோம். செல் அதை மட்டும் உடைத்துக்கொண்டு, அம்மோனியா பக்கமே போகாமல் இருந்தாலும் யூரியா வரும். பஞ்சில் செல்கள் அதிகம். அதனால் யூரியாவும் அதிகம். அவ்வளவுதானா?

5. மூன்று தட்டுகள்

ஆர்ஜினின் இல்லாத மீடியம் தனியாக வரவழைத்தாள். சாரிடம் சொல்லித்தான் வரவழைத்தாள், எதையும் மறைக்கவில்லை. மூன்று தட்டு வைத்தோம். ஒன்றாவது, எங்கள் பஞ்சுச் செல், வழக்கமான மீடியம். இரண்டாவது, அதே பஞ்சுச் செல், ஆர்ஜினினுக்குப் பதில் ஆர்னிதினும் அம்மோனியாவும். மூன்றாவதில் அதே ஆர்ஜினின் இல்லாத மீடியம், ஆனால் எலியின் ஈரலிலிருந்து அன்று காலை பிரித்தெடுத்த செல்கள்; நல்ல ஈரல் செல்லுக்கு இந்த மீடியத்தில் யூரியா ஆக்க முடிகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க.

ஒன்றாவதில் யூரியா வந்தது. மூன்றாவதிலும் வந்தது. இரண்டாவதில் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம்.

செல் செத்துப்போனதால் வரவில்லையோ என்று பார்க்க, இரண்டாவது தட்டின் செல்களை நீலச் சாயத்தில் கலந்து மைக்ரோஸ்கோப்பில் எண்ணினேன். செத்த செல் நீலமாகும், உயிரோடிருப்பது ஆகாது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உயிரோடு இருந்தன. கிருமி புகுந்தால் மீடியம் கலங்கும்; இது தெளிவாக இருந்தது. எண்ணியதை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு ஷாஹிதாவிடம் வாயால் சொன்னேன். ரெஜிஸ்டரில் மறுநாள் ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அவள் மூன்று எண்களையும் மறுபடி பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"ரெண்டு வருசத்துல இன்னைக்குத்தாங்கக்கா ஒண்ணு நெசமாவே புரிஞ்சிருக்குது."

"சார் என்ன சொல்லுவாரோ."

"என்ன சொல்லுவாரு? செல்லு பண்ணலைன்னா பண்ணலைதான். பண்ற செல்லத் தேடலாம்."

சாயங்காலம் சாரிடம் கிராஃபைக் காட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்ல வேலம்மா" என்றாராம்.

6. அந்த வரி

மறுநாள் காலை பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டார். பதினோரு வருடத்தில் அவர் அறையில் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

"உக்காருங்க ஸ்டெல்லா. ஊட்டுல எல்லாம் சௌக்கியங்களா? அவருக்கு வேற வேல கெடச்சுதுங்களா?"

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மோட்டார் பம்ப் கம்பெனியை மூடி அப்போது ஆறு மாதம். மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இல்லீங்க சார்."

"அந்த ரெண்டாவது தட்டு. செல்லு நல்லா இருந்துச்சுங்களா?"

"நல்லாத்தானுங்க இருந்துச்சு. எண்ணிப் பார்த்தேனுங்க."

"ஆர்ஜினின் இல்லாமப் பட்டினி கெடந்த செல்லு எப்படிங்க நல்லா இருக்கும்? யோசிச்சுப் பாருங்க. மீடியம் கலங்குன மாதிரி இருந்துச்சு, கண்டாமினேசன் சந்தேகம்னு ரெஜிஸ்டர்ல ஒரு வரி எழுதிப்போடுங்க. அந்தப் புள்ளைக்கும் அதுதான் நல்லது. அவசரப்பட்டு எதையாச்சும் வெளிய சொல்லிப்போட்டா அவ பேருதானுங்க கெடும்."

அவர் மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கினார்.

"உங்க பேரு பர்மனென்ட் லிஸ்ட்டுல இருக்குதுங்க. நாந்தான் கையெழுத்துப் போடோணும்."

இரண்டையும் அவர் சேர்த்துச் சொல்லவில்லை. நடுவில் ஒரு நிமிடம் இடைவெளி விட்டார். அதனால் இன்றைக்கும் அவர் மிரட்டினார் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

லேபுக்குப் போனேன். ரெஜிஸ்டரில் முந்தைய நாள் தேதிக்குக் கீழே இடம் இருந்தது. "தட்டு 2: மீடியம் லேசாகக் கலங்கியிருந்தது. கண்டாமினேஷன் சந்தேகம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். துண்டுத்தாளைக் கசக்கிக் கழிவுப் பையில் போட்டேன். பையை நானே, கழிவை ஆவியில் அவிக்கிற ஆட்டோகிளேவில் வைத்தேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அன்று மதியமும் ஷாஹிதா என் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டாள்.

7. கமிட்டி

மூன்று வாரம் கழித்து அவளுடைய பிஎச்.டி. கமிட்டி கூடியது. டாக்டர் சாரும், வெளியிலிருந்து இரண்டு பேராசிரியர்களும். ஷாஹிதா மூன்று தட்டுகளையும் காட்டினாள். டாக்டர் சார் ரெஜிஸ்டரைத் திறந்து அந்த வரியைப் படித்தாராம். அவள் அப்படி இருக்கவே முடியாது என்றிருக்கிறாள். என்னைக் கூப்பிட்டார்கள்.

வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் அம்மா ரெஜிஸ்டரை என் பக்கம் திருப்பினார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க மேடம்."

ஷாஹிதா எழுந்து நின்றாள்.

"அக்கா, நீங்கதானே எண்ணுனீங்க. செல்லு நல்லா இருக்குதுன்னு எங்கிட்டச் சொன்னீங்கல்ல. சொல்லுங்கக்கா."

டாக்டர் சார் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

"ரெஜிஸ்டர்ல என்ன இருக்குதோ அதுதானுங்க" என்றேன்.

மெஷின் தப்பான எண் காட்டினால் எப்படிப் பார்ப்பாளோ, அப்படி என்னைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து லேப்டாப்பை மூடினாள்.

திரும்பச் செய்து காட்டுகிறேன் என்று கேட்டாள். ஆர்ஜினின் இல்லாத மீடியத்துக்கு மறுபடி அனுமதி கிடைக்கவில்லை. எலி கேட்டாள், எலி இல்லை என்றார்கள். அவளுடைய ஹூட் நேரத்தைப் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு மாற்றினார்கள். மாற்றிய அட்டவணையை ஒட்டியதும் நான்தான். ஆறு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு வெளியேறினாள். என்னோடு பேசுவதை மட்டும் கமிட்டி கூடிய அன்றே நிறுத்தியிருந்தாள்.

புத்தகங்களை எடுத்துப்போக அவள் அத்தா வந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி, மெலிந்த மனிதர். பெட்டியைத் தூக்க நானும் ஒரு கை கொடுத்தேன்.

"நீங்கதான் ஸ்டெல்லாங்களா? எம் பொண்ணு ரெண்டு வருசமா ஊட்டுல உங்களப் பத்தித்தானுங்க பேசும். உங்க கைச் சாப்பாடு சாப்புட்டுத்தான் இருந்துச்சு. நல்லாப் பாத்துக்கிட்டீங்க."

நான் செய்ததை அவள் வீட்டில் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுவதற்கா, சொல்லவே கூசியதாலா, தெரியாது. அடுத்த வாரம் எனக்கு நிரந்தரப் பணி ஆணை வந்தது.

8. கடைசி போன்

செல்லமுத்து கூப்பிடுவதை நிறுத்தவில்லை. அந்தச் செல்கள் அம்மோனியாவைத் தொடாது என்று தெரிந்த பிறகும் நான் அவரிடம், "இன்னுங் கொஞ்ச நாளாகுமுங்க" என்றே சொன்னேன். வேறு சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் மத்தியானம் கூப்பிட்டார்.

"இனிக் கூப்புட மாட்டனுங்க அம்மணி. அவ போயிட்டா."

அவரே தொடர்ந்தார்.

"அவ தம்பி ஈரல்ல பாதி தாரேன்னான். மெசினுதான் வருதே, எதுக்கு அவன் வயத்தக் கிழிக்கோணும்னு நாந்தானுங்க வேண்டான்னுட்டேன். செரி, வெச்சுர்றனுங்க."

அவர் குரல் உயரவே இல்லை. நான் ரிசீவரை வைத்துவிட்டு ஹூடில் உட்கார்ந்து அன்றைய தட்டுகளுக்கு மீடியம் மாற்றினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த ஈரல் செல் பெட்டியைக் கடைசியில் ஆட்டுக்கு மாட்டிப் பார்த்தார்கள். ஆட்டின் அம்மோனியா குறையவில்லை. திட்டக் காலம் முடிந்தது என்று எழுதி மூடிவிட்டார்கள். அந்தக் கட்டுரை இன்றும் அப்படியே இருக்கிறது. டாக்டர் சார் ஓய்வு பெற்று ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆலோசகராகப் போனார். யாரும் எதையும் கேட்கவில்லை.

9. கோபி

நான் ஓய்வு பெற்ற மாதம் நடந்ததையெல்லாம் ஒரு கடிதமாக எழுதினேன். கட்டுரையை வெளியிட்ட இதழுக்கும் நிறுவனத்துக்கும் அனுப்புவதற்காக. அனுப்புமுன் ஷாஹிதாவிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. விசாரித்தேன். கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பள்ளியில் உயிரியல் டீச்சராக இருந்தாள். பஸ் ஏறிப் போனேன்.

சனிக்கிழமை. கதவைத் திறந்தவளுக்கு என்னை உடனே தெரிந்துவிட்டது. "வாங்க மேடம்" என்றாள். உட்காரச் சொல்லி, டீ போட்டுக் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து கடிதத்தை இரண்டு முறை படித்தாள். தலையில் பாதி நரைத்திருந்தது.

"இத இப்ப எதுக்குங்க எழுதுனீங்க?"

"உண்மை தெரியோணுமில்ல கண்ணு."

"யாருக்குங்க? எனக்கு எப்பவோ தெரியுமுங்க."

நான் அழுதேன். அவள் அழவில்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்கன்னும் எனக்குத் தெரியும். உங்க ஊட்டு நெலம தெரியும். அதெல்லாம் யோசிச்சுப் பாத்துத்தான் இத்தனை வருசம் யார்கிட்டயும் சொல்லல. ஆனா ரூமுக்கு வெளிய வந்து எங்கிட்ட ஒரு வார்த்த, 'நீ கண்டுபுடிச்சது சரிதான்'னு சொல்லியிருக்கலாமுங்க. நான் ஆறு மாசம் என்னோட கண்ணையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"அனுப்புங்க மேடம். எழுதுனது எல்லாம் சரிதான். ஆனா எனக்காக அனுப்பறேன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொன்னாள். கூட வரவில்லை.

அனுப்பினேன். நிறுவனத்திலிருந்து, கடிதம் கிடைத்தது என்று ஒரு வரியில் பதில் வந்தது. இதழிலிருந்து மூல அளவீடுகள் இருந்தால் அனுப்பச் சொன்னார்கள். என்னிடம் எதுவும் இல்லை.

10. பிள்ளைகளுக்கு

எண்ணியதை எண்ணிய நிமிடமே ரெஜிஸ்டரில் ஏற்றுங்கள். துண்டுத்தாள் வைத்துக்கொள்ளாதீர்கள். இது வேலை முறை.

இன்னொன்று. இப்படி ஒரு வரி எழுதச் சொல்லும்போது மறுத்தால் வேலை போகலாம். போகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் மறுக்கவில்லை, வேலை இருந்தது. மகள் படித்தாள், வீடு கட்டினோம். இதெல்லாம் அந்த வரியால் கிடைத்ததில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு பதினைந்து வருடம் அந்த லேபில் நான் எழுதிய எந்த எண்ணையும் நான் நம்பவில்லை. இரண்டு தரம் எண்ணுவேன், மூன்று தரம் எண்ணுவேன். சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் எழுதப் போகும்போது கை நின்றுவிடும்.